துண்டுக்குள் ஐந்து விரல்

ஜனவரி 2

பொள்ளாச்சி நகரின் ஈடு இணையற்ற ஓட்டுநரும், வால்பாறை மலையின் நாற்பது கொண்டை ஊசி வளைவுகளையும் கட்டி ஆண்ட சக்கரவர்த்தியும், தற்சமயம் ஓய்வில் இருப்பவனுமாகிய வஞ்சிமுத்து என்கிற நான், குலதெய்வத்தின் மேல் ஆணையாகச் சொல்கிறேன்: இந்த டைரியில் நான் எழுதப் போகும் கதையை ஒருத்தரும் நம்பப் போவதில்லை. நம்புகிறவர்கள் தலையில் எலுமிச்சம்பழம் தேய்த்துக் குளிப்பது நல்லது.

டைரி பேங்க் கொடுத்தது. ஓரமெல்லாம் தங்கம். தலைக்கு வைத்தால் தலையணை, எறிந்தால் ஆயுதம். ஆனைமலை ரோட்டில் இருந்த இடத்தை விற்று ஆறு லட்ச ரூபாயை அங்கே போட்டேன். மறுவாரமே என்னைக் கூப்பிட்டு, குஷன் நாற்காலியில் உட்கார வைத்து, வால்பாறைக் குளிரே கம்பளி கேட்டு அழும்படியான ஏ.சி.க்குக் கீழே ஏலக்காய் டீ கொடுத்தார்கள். இருபத்தெட்டு வருஷம் தனியார் பஸ் ஓட்டினேன். முதலாளி ஒரு நாள் உட்காரச் சொன்னதில்லை.

எனக்கென்று ஒரு நிதி ஆலோசகரையும் நியமித்திருக்கிறார்கள். பெயர் நிரஞ்சன். சென்னைப் பையன். மீசை வரலாமா வேண்டாமா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறது.

ஜனவரி 3

வாசல் தெளித்து, கோலத்துக்குப் பதில் சாக்பீஸால் ஒரு பஸ் வரைந்தேன். தெரு ரசித்தது. வீட்டுக்காரி துளசிமணிக்குக் குனிய முடியவில்லை என்பதெல்லாம் இல்லை; கலைஞனுக்கு இடம் கொடுத்தாள்.

ஜனவரி 6

கோயமுத்தூர் டாக்டர் துளசிமணியின் எக்ஸ்ரே படத்தை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். ரெண்டு முட்டியும் தேய்ந்து எலும்பும் எலும்பும் குசலம் விசாரிக்கின்றனவாம். ரெண்டையும் மாற்ற வேண்டும், ஐந்தரை லட்சம் ஆகும். ஆனால் சர்க்கரை ஏகத்துக்கும் இருக்கிறது. அதைக் கீழே இறக்கினால்தான் கத்தி வைப்பாராம்.

"ஆடி மாசத்துக்குள்ள எறக்கிக் காட்டறனுங்க" என்றாள் என் வீட்டுக்காரி.

எதையாவது கீழே இறக்க வேண்டுமென்றால் இந்த வீட்டில் நிபுணன் நான்தான். டாக்டரிடம் சொன்னேன். அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

ஜனவரி 9

ஆடி வரைக்கும் ஆறு லட்சமும் சேமிப்புக் கணக்கில் சும்மா தூங்குவது பாவம் என்றான் நிரஞ்சன். அதை எழுப்பி வேலைக்கு அனுப்பும் முன்னால் எனக்கு ஒரு பரீட்சை வைத்தான். அவன் கேள்வியைப் படிப்பது, நான் பதில் சொல்வது, அவன் கையிலிருக்கும் பலகையில் தட்டுவது.

"சார், நீங்க போட்ட பணம் ஆறே மாசத்துல இருபது சதவீதம் விழுந்துடுது. என்ன பண்ணுவீங்க? பயந்து எடுத்துடுவீங்களா, காத்திருப்பீங்களா, இன்னும் கொஞ்சம் போடுவீங்களா?"

என்னைப் பார்த்துப் பயமா என்று ஒரு கேள்வி! ஏ.சி.கூட ஒரு நிமிஷம் மூச்சை அடக்கிக்கொண்டது.

"தம்பி, நல்ல அடைமழை. வால்பாறையிலருந்து எறங்கறேன். முப்பத்தெட்டாவது வளைவுல பிரேக் போச்சு. உள்ள எழுவது உசுரு. அடுத்த வளைவுல ரோட்டுக்குக் குறுக்க ஒத்தை யானை. ஹாரன் அடிச்சா மெரளும். அதனால ஸ்டீரிங்கை விட்டுட்டு ரெண்டு கையாலயும் கும்புட்டேன். அது ஒதுங்கி வழி உட்டுட்டு, பஸ்ஸோட பின்னாடி ஏணியத் தும்பிக்கையில புடிச்சுது பாரு, ஆழியாறு வரைக்கும் பிரேக்காட்டம் கூடவே வந்துச்சு. செக்போஸ்ட்ல எறங்கி ஒரு சீப்பு பூவம்பழம் வாங்கிக் குடுத்துட்டுத்தான் வந்தேன்."

பையன் பலகையை மடியில் வைத்துவிட்டு வாய் திறந்து கேட்டான். கடைசி வரைக்கும் கேட்டான்.

"அப்ப பயப்பட மாட்டீங்க?"

"பயத்துக்கு எத்தனை எழுத்துன்னுகூட எனக்குத் தெரியாது."

"இந்தப் பணம் எப்ப வேணும் சார் உங்களுக்கு?"

அரண்மனைக் கூரை ஒழுகுவதை எந்த ராஜா வெளியூர்த் தூதுவனிடம் சொல்லியிருக்கிறான்? "ஆடியில ஒரு சின்னச் செலவு. அதுக்கு எங்கிட்ட ஆயிரம் வழி இருக்குது. நீ அதப் பத்திக் கவலைப்படாத" என்றேன்.

அவன் தட்டினான். மிஷின் யோசித்துவிட்டு ஒரு தாளைத் துப்பியது. வகை: அதிதீவிரம்.

வீட்டுக்கு வந்ததும் காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டினேன். துளசிமணி எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"ஏனுங்க மாமா, அதிதீவிரம்னு டெங்குவுக்கல்ல சொல்லுவாங்க?"

ஜனவரி 11

"அந்தப் பையனுக்குக் கூலி எவ்வளவுங்க?" என்று கேட்டாள், வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே.

"கூலியா! ஆலோசனைக் கட்டணம்."

"அதான், எவ்வளவு?"

ஏதோ சதவீதம் சொன்னான். இன்னும் என்னென்னவோ கட்டணங்களின் பெயர்களையும் சொன்னான். திருவிழாவில் சாமிக்குப் பின்னால் வரும் பரிவாரம் போல வரிசையாக வந்தன. எனக்குத் தெளிவாக ஞாபகமில்லை. ஆகவே, "உனக்குப் புரியாது" என்றேன்.

"நம்ம காசை நாமளே பேங்க்ல வெச்சா ஆருக்கும் கூலி குடுக்க வேண்டியதில்லீங்களே" என்றாள். வெண்டைக்காயைப் பார்த்துத்தான் சொன்னாள்.

ஜனவரி 16

மாட்டுப் பொங்கலுக்கு ஆறுக்குட்டி வந்தான். துளசிமணியின் தம்பி. பொள்ளாச்சி மாட்டுச் சந்தையில் தரகன். அவன் தோளில் கிடக்கும் துண்டுக்குள் கைமாறிய மாடுகளை வரிசையாக நிறுத்தினால் வால் கன்னியாகுமரியிலும் கொம்பு காசியிலும் இருக்கும்.

விஷயத்தைச் சொன்னேன். கறிக்கொழம்பைத் தள்ளி வைத்துவிட்டு நிமிர்ந்தான்.

"மாமா, தரகு எவ்வளவுன்னு பேசாம எவனாவது மாட்ட அவுப்பானா? நாலு பேர் முன்னாடி வாய்ல கேட்டா எவனும் நெசம் சொல்ல மாட்டான். துண்டப் போட்டுக் கையப் புடிங்க. விரல் பொய் சொல்லாது."

இத்தனை காலம் பேங்குகள் இதைக் கண்டுபிடிக்காமல் இருந்தது ஆச்சரியம்தான்.

ஜனவரி 20

இன்று இந்திய வங்கித் துறையின் சரித்திரத்தில் ஒரு புதிய அத்தியாயம்.

ஆறுக்குட்டியின் துண்டோடு போனேன். நிரஞ்சன் தாள்களைப் பரப்பி வைத்திருந்தான். பாதிப் பணம் பங்குச் சந்தையில் போடும் ஃபண்டுக்கு. மீதிப் பாதி காப்பீடும் முதலீடும் கலந்த ஒரு திட்டத்துக்கு. கண்ணாடி அறைக்குள்ளிருந்து மேனேஜர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். மாசக் கடைசிக்குள் பையன் எத்தனையோ பேரைப் பிடிக்க வேண்டுமாம்.

"இந்த ரெண்டாவது திட்டத்துல ஒரு முக்கியமான விஷயம் இருக்கு சார். இதை நீங்க..."

"உஷ்!" என்று துண்டை விரித்து என் கைமேல் போட்டேன். "வாயால ஒண்ணும் வேண்டாம். கையக் குடு."

"சார்?"

"உள்ள குடு தம்பி. எங்க ஊரு மொறை. இதுக்குள்ள பேச்சு கெடையாது. விரல்ல சொல்லணும். எவ்வளவு?"

பையன் மேனேஜரைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். குளிர்ந்த கையைத் துண்டுக்குள் நீட்டி, என் உள்ளங்கையில் ஐந்து விரலையும் அழுத்தமாக வைத்தான். முகத்தில் அப்படி ஒரு கவலை. கூலி கேட்கக் கூச்சப்படுகிறவன் நல்லவன்.

ஐந்து. ஆயிரத்துக்கு ஐந்து ரூபாய்! மாட்டுத் தரகைவிட மலிவு. இருந்தாலும் பேரம் பேசாமல் ஒத்துக்கொண்டால் சந்தைக்கே அவமானம் அல்லவா? அவன் சுண்டு விரலைப் பிடித்து மடக்கினேன். அவன் நிமிர்த்தினான். நான் மடக்கினேன். மறுபடி நிமிர்த்தப் பார்த்தான், விடவில்லை. கடைசியில் சிரித்துவிட்டான்.

"முடிஞ்சது. நாலு!" என்று துண்டை உதறினேன்.

காட்டிய இடமெல்லாம் கையெழுத்துப் போட்டேன். ஆயிரத்துக்கு நாலு ரூபாய்க்கு ஒரு சென்னை மூளை. துளசிமணியிடம் இந்தப் போரை விவரித்தபோது யானைக் கதைக்குக்கூட அவள் இவ்வளவு கவனம் கொடுத்ததில்லை.

"நாலுதான்னு எழுதிக் குடுத்தானுங்களா?"

"துண்டு போட்டு முடிச்ச பேச்சுக்கு எவனாவது எழுத்துக் கேப்பானா?"

பிப்ரவரி 8

பேங்கிலிருந்து கனத்த உறை வந்தது. முழுக்க இங்கிலீஷ். வேண்டாமென்றால் முப்பது நாளைக்குள் திருப்பித் தரலாம் என்று ஏதோ ஒரு மூலையில் போட்டிருந்ததாம். (இது ஆகஸ்டில் தெரிந்து ஓரத்தில் எழுதிச் சேர்த்தது.) தாள் நல்ல கெட்டி. அரிசிப் பானைக்கு அடியில் ஈரம் வராமல் இருக்க வைத்திருக்கிறேன்.

பிப்ரவரி 20

துளசிமணி காப்பிக்குச் சர்க்கரையை நிறுத்திவிட்டாள். ராத்திரிச் சோறும் இல்லை. இன்று முதல் சமையல் என் வசம். நான் வைத்த ரசத்தின் வாசனையில் ஆழியாறு அணையே ஒரு அடி உயர்ந்திருக்கும். அவள் அடுப்படியில் முக்காலி போட்டு உட்கார்ந்து "உப்பு, உப்பு" என்று மட்டும் சொன்னாள். இப்போதெல்லாம் அவள் நிற்பதில்லை.

மார்ச் 12

டீக்கடையில், "சந்தை விழுந்துடுச்சு" என்றார்கள். பதறி ஆறுக்குட்டிக்கு போன் போட்டேன்.

"விழுகறதுக்கு என்ன மாமா இருக்குது? கேரளத்து யாவாரிங்க வந்துட்டாங்க. காங்கேயம் காளை நல்ல வெலைக்குப் போகுது" என்றான்.

பிறகுதான் இது வேறு சந்தை என்று உறைத்தது. நிரஞ்சனைக் கூப்பிட்டேன். "நீங்க அதிதீவிரம் சார். இதுக்கெல்லாம் அசரலாமா?" என்றான்.

அசரவில்லை என்றேன்.

ஏப்ரல் 4

போனில் ஒரு செய்தி. ஏதோ கட்டணம் பிடித்திருக்கிறார்கள். ஆயிரத்துக்கு நாலு என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் ஒத்துவரவில்லை. அதைவிட நிறையப் பெரியது.

"அது திட்டத்தோட கட்டணம் சார். ஆலோசனைக் கட்டணம் தனி" என்றான் பையன்.

"பணம் கொறைஞ்சிருக்கறப்பவுமா?"

"ஏறினாலும் இறங்கினாலும் உண்டு சார்."

ஞாயம்தான். பஸ் பள்ளத்தில் கவிழ்ந்தால் டிக்கெட் காசைத் திருப்பிக் கொடுக்கிறோமா? ஆனால் கவிழும்போது டிரைவரும் உள்ளே இருப்பான். இதை அவனிடம் சொல்லலாம் என்று நினைத்தபோது போன் வைக்கப்பட்டிருந்தது.

மே 19

கக்கூஸில் துளசிமணி பிடித்துக்கொள்ள இரும்புக் குழாய் பதித்தேன். பஸ்ஸில் இருப்பது போலவே. கண்டக்டர் மாதிரி "புடிச்சு நில்லுங்க, புடிச்சு நில்லுங்க" என்று வெளியே நின்று கத்தினேன். உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. அப்புறம் அது விசும்பலாக மாறியது. நான் வாளி கழுவப் போய்விட்டேன்.

ஜூன் 23

களி. கொள்ளு. பாகற்காய். பக்கத்து வீட்டுக் குழந்தையின் பிறந்தநாள் லட்டைத் துளசிமணி கையில் வாங்கி, முகர்ந்து பார்த்து, எனக்குக் கொடுத்தாள்.

ஜூலை 28

வெற்றி! சர்க்கரை இறங்கிவிட்டது! நாற்பது வளைவையும் நான் இறங்கியது பெரிதல்ல. இவள் ஒரு வளைவில்கூடத் தடுமாறாமல் இறங்கி வந்திருக்கிறாள். டாக்டரே நாற்காலியை விட்டு எழுந்து, "உங்களை மத்த பேஷண்ட்டுங்களுக்குக் காட்டணும்மா" என்றார். வருகிற மாதமே தேதி கொடுத்துவிட்டார். பணத்தை முதல் நாள் கட்டினால் போதும்.

வரும் வழியில் துளசிமணி பஸ் ஜன்னலில் சாய்ந்துகொண்டு கேட்டாள்: "முட்டி சரியானதீம் மாசாணியம்மன் கோயிலுக்கு நடந்து போலாமுங்களா மாமா?"

"நடந்து என்ன, ஓடியே போலாம்" என்றேன்.

ஜூலை 30

பேங்க். ஏலக்காய் டீ தரவில்லை.

நிரஞ்சன் பலகையைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தான். ஃபண்டில் போட்ட மூன்று லட்சம் இப்போது இரண்டே கால். சீக்கிரமாக வெளியே எடுப்பதால் அதற்கும் ஒரு கட்டணம்.

"சரி, அத உடு. இன்னொரு பாதி?"

அவன் மறுபடி பலகையைத் தேய்த்தான்.

"அந்தப் பாதிய எடுத்துக் குடு தம்பி. வீட்டுக்காரிக்கு ஆபரேசன்."

"ஆபரேஷனா? நீங்க சொல்லவே இல்லையே சார்." பலகையைக் கவிழ்த்து வைத்தான். "அதை எடுக்க முடியாது. இப்ப நிறுத்தினாலும் காசு கைக்கு வர அஞ்சு வருஷம் ஆகும். அஞ்சு வருஷப் பூட்டு."

"எவன் சொன்னான் எங்கிட்ட?"

"நான்தான் சார் சொன்னேன். துண்டுக்குள்ள."

சக்கரவர்த்தி நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

"அதைத்தான் சொல்ல வந்தேன். வாயைத் திறக்காதே, எவ்வளவுன்னு விரல்ல சொல்லுன்னீங்க. எவ்வளவு வருஷம்னு கேக்கறீங்கன்னு நெனைச்சேன். அஞ்சு காட்டினேன். நீங்க மடக்கிட்டே இருந்தீங்க. அஞ்சுதான், அஞ்சுதான்னு திரும்பத் திரும்ப நிமிர்த்தினேனே சார்."

"நான் உன் கூலியக் கேட்டன்டா."

"எனக்குச் சம்பளம் மட்டும்தான் சார்." கண்ணாடி அறைப் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான். "நீங்க சிரிச்சுட்டே முடிஞ்சதுன்னு எந்திரிச்சுட்டீங்க. அப்புறம் வாயால ஒரு தடவை சொல்லியிருக்கணும். அன்னைக்கு மாசக் கடைசி."

அன்றைக்கு இருபதாம் தேதிதான். சொல்லவில்லை. அவனுக்கு எல்லாத் தேதியும் மாசக் கடைசியாக இருக்கலாம்.

ஜூலை 31

வெயில். துணி துவைத்தேன்.

ஆகஸ்ட் 3

ஆடிப் பெருக்கு. இன்றைக்கு மேல் மறைக்க வழியில்லை. ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போகப் பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தவளிடம் சொன்னேன். துண்டு, விரல், பூட்டு எல்லாம். நடுவில் ஒரு யானையைக்கூடக் கொண்டுவரவில்லை.

கேட்டுவிட்டு, பையிலிருந்த துணியை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தாள். எல்லாவற்றையும் எடுத்து முடித்த பிறகு என் சுண்டு விரலைப் பிடித்து மடக்கினாள்.

"நீங்க மட்டும் மடக்காம உட்டிருந்தா முழுசா அஞ்சு வருசமாயிருக்கும். ஒரு வருசங் கொறைச்சுட்டு வந்துட்டீங்க. கெட்டிக்காரர்தான்."

சிரித்தோம். அவள் முதலில் நிறுத்தினாள்.

ஆகஸ்ட் 5

ஆறுக்குட்டி வந்தான். துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். ஒத்தைக் கால் மட்டுமாவது பண்ணிவிடலாம், குறைந்தால் தான் தருகிறேன் என்றான்.

"வேண்டாம் சாமி" என்றாள் துளசிமணி. "இருக்கறதையெல்லாம் ஒத்த முட்டில கொட்டிப்போட்டு, நாளைக்கு இவருக்கு ஒண்ணுன்னா எதைக் கொண்டு பாக்கறது? பென்சன் மளிகைக்கே காணறதில்ல."

"அஞ்சு வருசம் கழிச்சு அந்தக் காசு வருமில்லக்கா, அப்பவாவது..."

"அப்ப எனக்கு அறுவத்தெட்டு. புது முட்டி போட்டுட்டுப் படுத்துக்கறதுக்கா?"

அவன் சாப்பிடாமல் போய்விட்டான். அந்தத் துண்டை மறந்துவிட்டோ வேண்டுமென்றோ இங்கேயே விட்டுப் போயிருக்கிறான். கரித்துணிக்கு ஆகும்.

செப்டம்பர் 14

பெரியாஸ்பத்திரியில் பெயர் எழுதி வைத்தோம். வரிசையின் நுனி எங்கே என்று பார்க்க வால்பாறை மலை மேல் ஏறி நின்றால்தான் தெரியும். கூப்பிடுவார்களாம். அதுவரை சர்க்கரை ஏறாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள்.

துளசிமணி வீட்டுக்கு வந்ததும் காப்பிக்கு ஒரு கரண்டி சர்க்கரை கேட்டாள். போட்டேன். இன்னொன்று கேட்டாள். போட்டேன்.

அக்டோபர் 10

"ஆலோசகர் கட்டணத்துக்குத் தகுந்தவரா?" என்ற வழக்கில் இன்று இந்த நீதிமன்றம் தீர்ப்பளிக்கிறது. தகாதவர். அவருக்குக் கொடுத்தது வீண். கண்ணாடி அறைக்குக் கொடுத்தது அதைவிட வீண். ஆனால் என் யானைக் கதையை, ஆரம்பத்திலிருந்து சீப்புப் பழம் வரைக்கும், நடுவில் ஒரு தடவைகூட போனைப் பார்க்காமல் கேட்டவன் இந்தப் பத்து வருஷத்தில் அவன் ஒருத்தன்தான். அதற்கு என்ன கூலி என்று நீதிமன்றத்துக்குத் தெரியவில்லை.

அவனை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்களாம்.

நவம்பர் 24

அடைமழை. துளசிமணி நாலு நாளாகக் கட்டிலை விட்டு இறங்கவில்லை. குளிர் முட்டிக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. தவிடு வறுத்து ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தபோது பேங்கிலிருந்து போன். புது ஆலோசகர். பெண் குரல்.

"சார், வருஷத்துக்கு ஒருமுறை உங்க ரிஸ்க் வகையைப் புதுப்பிக்கணும். உங்க முதலீடு இன்னும் இருபது சதவீதம் விழுந்தா என்ன பண்ணுவீங்க? எடுத்துடுவீங்களா, காத்திருப்பீங்களா, கூடப் போடுவீங்களா?"

பழக்க தோஷத்தில், "அம்மணி, நல்ல அடைமழை. வால்பாறையிலருந்து எறங்கறேன்" என்று ஆரம்பித்துவிட்டேன். கட்டிலிலிருந்து இவள் என்னைப் பார்த்தாள். நிறுத்திக்கொண்டேன்.

"சார்? லைன்ல இருக்கீங்களா? எதைப் போடட்டும்?"

"பயமா இருக்குதுங்க அம்மணி" என்றேன்.

அந்தப் பக்கம் கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது. "அந்த ஆப்ஷன் இல்லீங்க சார். காத்திருப்பேன்னு போட்டுக்கவா?"

போட்டுக்கொள்ளச் சொன்னேன்.

போனை வைத்த பிறகு துளசிமணி கேட்டாள், கல்யாணமாகி நாற்பது வருஷத்தில் ஒரு தடவைகூடக் கேட்காததை: "அன்னிக்கு பிரேக் போனது நெசந்தானுங்களா மாமா?"

அவளுக்குச் சொன்ன பதிலையே இங்கேயும் எழுதி வைக்கிறேன். பிரேக் போகவில்லை. முதலாளி கஞ்சனானாலும் பிரேக் விஷயத்தில் யோக்கியன். யானை வரவில்லை. எழுபது உசுரும் இல்லை. மழைக்கு அன்றைக்குக் கூட்டமே கம்மி. பூவம்பழம் வாங்கினேன், நானே தின்றேன். எல்லா நாளும் போல ஒரு நாள். மெதுவாக, ஒழுங்காக, கீழே வந்து சேர்ந்தேன்.

ஆனால் அந்த முப்பத்தெட்டாவது வளைவில், ஸ்டீரிங்குக்குக் கீழே யாருக்கும் தெரியாத இடத்தில், என் ரெண்டு முட்டியும் கிடுகிடுவென்று நடுங்கின. அன்றைக்கு மட்டுமல்ல, இருபத்தெட்டு வருஷமும் நடுங்கின. அது ஒன்று மட்டும் நெசம்.